பசியெடுத்த பெட்டி

9

பழைய இரும்பு போடும் தொட்டிக்குள் இடுப்பளவு இறங்கி நின்றபோது மூட்டைக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. துப்பறியும் தொழிலுக்கும் மூட்டை தூக்கும் தொழிலுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. மூட்டை தூக்கினால் எங்கே இறக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருஷம் முதுகில் ஏறி இறங்கிய சாக்குகள் அவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தன. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

"கிடைச்சுதா?" என்று வெளியிலிருந்து அக்கா கேட்டாள்.

"கிடைச்சுதுக்கா. ரெண்டு சைக்கிள் செயின், ஒரு பூட்டு, ஒரு சாவி. சாவி அந்தப் பூட்டுக்குச் சேரலை. ரெண்டுக்கும் ஏதோ மனஸ்தாபம் போல."

"டிஸ்க்கைக் கேட்டேன்."

"நான் சோத்தைக் கேட்டேன், காலையில. அது கிடைச்சுதா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். முப்பது வருஷம் ஒரு காப்பீட்டு ஆபீசில் உட்கார்ந்து, எரியாத வீடுகளும் திருடு போகாத வண்டிகளும் எழுதி அனுப்பிய கடிதங்களைப் படித்துப் படித்து அவள் கண் கெட்டுப் போயிருந்தது. பொய்யைக் கண்டால் மட்டும் அது இன்னும் கூர்மையாகத்தான் பார்த்தது.

"மணி ஒண்ணே முக்கால். நாலு மணிக்கு மேனேஜர் காகிதத்தை மேலிடத்துக்கு அனுப்பிடுவார். அதுக்கப்புறம் நாம என்ன கண்டுபிடிச்சாலும் அது வெறும் கதை," என்றாள்.

அந்தக் காகிதத்தில் இருக்கப் போவது என்னவென்று கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலை இந்தக் குழாய்க் கிடங்கில் கிரேன் தூக்கிய இரும்புக் குழாய்க் கட்டு அவிழ்ந்து விழுந்தது. கட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கீழே நின்ற கொக்கிக்காரர் இன்னும் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். கிரேன்காரர் கண்டபடி ஆட்டித் தூக்கினார், கட்டு நழுவிவிட்டது என்றது கிடங்கு. "நான் ஆட்டலை. கயிறு பிரியறதைப் பார்த்து உடனே நிறுத்திட்டேன், அதுக்குள்ள அறுந்துடுச்சு" என்றார் கிரேன்காரர். அறுந்ததாக அவர் சொன்ன கம்பிக் கயிற்றைக் காணோம். மிச்சமிருந்த சாட்சி கேமராதான்.

கேமராவின் பதிவு மாடி அறைப் பெட்டிக்குள் இரண்டு டிஸ்குகளில் இருந்தது. ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். காலையிலேயே முடிவு செய்தபடி, செவ்வாய்க்கிழமை மாலை எல்லோர் முன்னாலும் ஒன்றைக் கழற்றி, துணியில் சுற்றி, அரக்கு வைத்து, ஸ்டோர் அலமாரியில் பூட்டினார்கள். புதன்கிழமை மற்றது செத்துவிட்டது. செத்ததைத் தொட்டியில் எறிந்துவிட்டதாக ஸ்டோர்காரர் சொன்னார். வியாழக்கிழமை விசாரணை மேசைக்கு முன்னால் அரக்கை உடைத்து, முதல் டிஸ்கைத் திரும்பப் பெட்டியில் போட்டாள் ஒரு பெண். கிடங்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். கிரேன்காரரின் மகள். டிஸ்க் உள்ளே போனது, விளக்கு மினுக்கியது, திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் திரையோடு மல்லுக்கட்டிய அரை மணி நேரத்தில் பதிவு முழுக்கத் துடைத்து எடுத்த தட்டாகிவிட்டது.

அப்பனைக் காப்பாற்ற மகள் அழித்துவிட்டாள். கிடங்கில் இதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. இன்று நாலு மணிக்கு அந்தக் காகிதம் போனால் இருவர் பேரிலும் வழக்கு. இதில் அக்காவைக் கூப்பிட்டது கொக்கிக்காரரின் மனைவி. "யாரை நான் திட்டணும்னு மட்டும் சொல்லுங்க. தப்பான ஆளைத் திட்டிட்டு என்னால தூங்க முடியாது," என்று சொல்லியிருந்தாள்.

"அக்கா!" மூட்டை கையை உயர்த்தினான். கையில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புச் சதுரம். "இந்த ஐயாதானே?"

அவன் தொட்டியிலிருந்து வெளியே வர அக்கா கை கொடுத்தாள். யார் யாரைத் தூக்கினார்கள் என்று சொல்வது கஷ்டம்.

ஸ்டோர் ஜன்னலில் ஸ்டோர்காரர் இரண்டு டம்ளர் டீயோடு தயாராக நின்றார். நரைத்த மீசை, சிரித்த முகம். கையுறை வேண்டுமென்றாலும் காயத்துக்குக் கட்டு வேண்டுமென்றாலும் எல்லோரும் இந்த ஜன்னலுக்குத்தான் வர வேண்டும்.

"வாங்க, வாங்க. தொட்டிக்குள்ள இறங்கினீங்களாமே. சொல்லியிருந்தா ஆளை அனுப்பியிருப்பேனே."

"நாங்களும் ஆளுங்கதாங்க," என்றான் மூட்டை, டீயை வாங்கிக்கொண்டு.

அக்கா டிஸ்கை ஜன்னல் பலகையில் வைத்தாள். "புதன்கிழமை செத்தது இதுதானா?"

அவர் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இதேதான். நான்தான் கழட்டிப் போட்டேன். கேமரா டிஸ்க்." பிறகு குரலை இறக்கினார். "பாவம்மா அந்தப் பாப்பா. நல்ல பொண்ணு. அப்பன் மேல உயிரு. அந்த நேரத்துல புத்தி தடுமாறியிருக்கும். யாருக்குத்தான் தடுமாறாது?"

"உண்மைதான்," என்றாள் அக்கா. அவள் பார்வை அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவிகளில் இருந்தது. "மாடி அறைச் சாவியும் இங்கதான் தொங்குமா?"

"எல்லாச் சாவியும் இங்கதான். யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். நான் என்ன பூதமா, புதையல் காக்க?"

மாடிப்படியில் கிரேன்காரர் உட்கார்ந்திருந்தார். கட்டான ஆள். நாலு நாளில் சட்டை இரண்டளவு பெரிதாகிவிட்டது போலிருந்தது. அவர்கள் ஏறி வருவதைப் பார்த்ததும் கால்களை ஒடுக்கி வழி விட்டார். மூட்டைக்கு அந்த உட்காரும் விதம் தெரியும். சுமை இறக்கிய பிறகும் தோள் நிமிராதவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

மாடி அறையை மேனேஜர் திறந்துவிட்டு, கையில் ஒரு உறையோடு வாசலிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். "அந்தப் பொண்ணு எதையும் தொடக் கூடாது. நீங்க கேளுங்க, அது வாயால சொல்லட்டும்."

கிரேன்காரரின் மகள் சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மேசை மேல் நாலு அறை கொண்ட ஒரு இரும்புப் பெட்டி. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு சின்ன விளக்கு.

"இதுக்கு என்ன பேரு?" என்று மூட்டை கேட்டான்.

"ரெய்டு."

மூட்டை கதவைத் திரும்பிப் பார்த்தான். அவள் உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது. நாலு நாளில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டுச் சொல்லும்மா," என்றாள் அக்கா.

"வெச்சுக்கவே வேணாம்," என்றான் மூட்டை. "எங்களுக்கு நெஜமாவே தெரியாது."

மகள் மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்கினாள். "மேல ரெண்டும் ஒரு ஜோடி. கேமரா பதிவுக்கு. கீழ ரெண்டும் ஒரு ஜோடி. குழாய் வரைபடத்துக்கு. ஜோடியில ஒண்ணு செத்தா இன்னொண்ணு வேலையைப் பார்த்துக்கும். செத்த இடத்துல புதுசு ஒண்ணைப் போட்டா, இருக்கறது தன்கிட்ட உள்ளதெல்லாம் அதுக்குச் சொல்லிக் கொடுத்துத் தன்னை மாதிரியே ஆக்கிடும்."

"எங்க வீட்டுல அம்மா பண்ணின வேலை," என்றான் மூட்டை. "பேசு, பேசு."

"ஆனா புதுசா ஒரு டிஸ்க் உள்ள வந்தா அதை என்ன செய்யணும்னு பெட்டிக்குத் தானாத் தெரியாது. விதி எழுதி வைக்கணும். என் வேலையிலேயே பாடு அதுலதாங்க. ரொம்பக் கறாரா எழுதினா ஒவ்வொரு டிஸ்க்குக்கும் என்னைத் தேடுவாங்க. ஜுரத்துல படுத்திருந்தாலும் எழுப்புவாங்க. ரொம்பத் தாராளமா எழுதினா, எவனோ தன் குடும்பப் போட்டோ டிஸ்க்கைத் தெரியாம சொருகினாக்கூட முழுங்கிடும். ஒரு வாரம் யோசிச்சு எழுதினேன். மேல் வரிசைக்குக் கறார். வர்ற டிஸ்க்ல ஏதாவது இருந்தா கை வைக்காதே, சும்மா உட்கார வை. கீழ் வரிசைக்குத் தாராளம். எது வந்தாலும் துடைச்சுச் சேர்த்துக்கோ. அங்க சூடு அதிகம், டிஸ்க் அடிக்கடி போகும். ரெண்டு வருஷமா ஸ்டோர் பெரியப்பாதான் புதுசு எடுத்துட்டு வந்து மாத்துவார். என்னைக் கூப்பிடவே வேணாம்."

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து. மூட்டை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தான். அவன் படித்து முடிக்கும்வரை அக்கா எப்போதும் அவசரப்படுத்த மாட்டாள்.

மேல் அறைகள்: உள்ளே ஏதாவது இருந்தால் தொடாது.
கீழ் அறைகள்: எதைப் போட்டாலும் அழித்துச் சேர்த்துக்கொள்ளும். கவனம்.
பெட்டிக்குள் ஒயர்களை இடம் மாற்றாதீர்கள். விதி ஒயர் சொருகிய இடத்தைத்தான் பார்க்கும், அறையைப் பார்க்காது.

"நேத்து எங்க போட்டே?" என்றாள் அக்கா.

"மேல. இடது பக்கம். எத்தனை பேர் பார்த்தாங்க! அது முழுங்கவே கூடாது. நான் எழுதின விதி அப்படியே இருக்கு, மாறலை. ஆனா முழுங்கிடுச்சு." குரல் உடைந்தது. "நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னுதான் தெரியலை."

அக்கா கடைசி வரியை இன்னொரு தடவை பார்த்தாள். "மூட்டை, திருப்புளி."

"மேடம்!" என்று மேனேஜர் எழுந்தார்.

"தொடக் கூடாதுன்னு அந்தப் பொண்ணைத்தானே சொன்னீங்க? இவனைச் சொல்லலையே."

மூட்டை பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசி ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்திருந்தது. விசிறி மேல் தூசி, ஒயர்கள் மேல் தூசி. நாலு ஒயர்கள் போய்ச் சொருகிய நாலு துளைகளைச் சுற்றி மட்டும் துளித் தூசி இல்லை. விரல் பட்டுத் துடைத்த நாலு வட்டங்கள்.

மகள் கிட்டே வந்து குனிந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேதான் பார்த்தாள். "மாத்தியிருக்காங்க," என்றாள் மெதுவாக. "மேல் ஒயர் கீழ் ஒயர் இடத்துல. கீழது மேலது இடத்துல. அப்ப மேல் அறைக்குத்தான் இப்பத் தாராள விதி."

"ஜோடியெல்லாம் குழம்பியிருக்காதா? யாருக்கும் தெரியாமலா போச்சு?" என்றார் மேனேஜர்.

"குழம்பாதுங்க. ஒண்ணா இருந்த டிஸ்குக்குத் தன் ஜோடி எதுன்னு உடம்புலயே எழுதியிருக்கும். எங்க உட்கார்ந்தாலும் தேடிச் சேர்ந்துக்கும். வெளிய போயிட்டுத் திரும்பி வர்றதுக்கும், புதுசா வர்றதுக்கும்தான் விதி."

"பெட்டி ஓடும்போது இந்த ஒயரைப் பிடுங்க முடியுமா?" என்றாள் அக்கா.

"முடியாது. அலறி ஊரைக் கூட்டிடும்." அவள் யோசித்தாள். "செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிரேனைச் சோதிக்கக் கிடங்கு பூராவும் கரண்ட்டை நிறுத்தினாங்க. ஒரு மணி நேரம்."

மேனேஜர் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். "மாத்தியிருக்காங்கன்னே வெச்சுப்போம். இந்தப் பொண்ணே மாத்தியிருக்கலாமே? இதைவிட நல்லா யாருக்குத் தெரியும்?"

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அழிக்க நினைப்பவனுக்கு அழகாக வழி சொல்லும் ஒரு எச்சரிக்கையைப் பெட்டியிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்களே என்று மூட்டை நினைத்தான். சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் முகம் ஏற்கெனவே போதுமான அளவு சுமந்துகொண்டிருந்தது.

"டிஸ்குக்கெல்லாம் நம்பர் எழுதி வெச்சிருக்கியா?" என்றாள் அக்கா.

மகள் மேசை மேலிருந்த நோட்டைக் கண்ணால் காட்டினாள். மூட்டை தொட்டியில் எடுத்த டிஸ்கைத் துடைத்து, கடைசி நாலு எண்களைப் படித்தான். "எட்டு... ரெண்டு... ஒண்ணு... ஆறு." பிறகு நோட்டில் விரலை ஓட்டினான். மேல் இடது. இல்லை. மேல் வலது. இல்லை. கீழ் இடது. இல்லை. "அக்கா. இது கீழ் வலது. வரைபட டிஸ்க்."

"நல்லாப் பாரு."

"எனக்கு வேகமாத்தான் படிக்க வராது. தப்பாப் படிக்க வராது."

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். அவள் முகத்தில் வெற்றிக் களை ஒன்றும் இல்லை. இன்னொரு மாடி ஏறச் சொன்னது போன்ற அலுப்புத்தான். "ஸ்டோர்காரரைக் கூப்பிடுங்க. படியில உட்கார்ந்திருக்கறவரையும்."

ஸ்டோர்காரர் வந்தார். கையில் ஒரு தட்டு, அதில் ஐந்து டம்ளர். கிரேன்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, இது கேமரா டிஸ்க்னு சொன்னீங்க. நோட்டுல இது கீழ் வரிசை டிஸ்க்னு இருக்கே," என்றாள் அக்கா.

ஸ்டோர்காரரின் சிரிப்பு ஒரு நொடி நின்றது. டிஸ்கைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கடவுளே! ரெண்டும் ஒரே மாதிரி கறுப்பா இருக்கா, மாத்தி எறிஞ்சுட்டேன் போலிருக்கு. அன்னைக்கு மனசே சரியில்லைங்க. மேல ஒண்ணு விளக்கு எரியலை, கழட்டினேன். கீழயும் ஒண்ணைக் கழட்டித் துடைச்சேன். அப்புறம்... நல்லதை எறிஞ்சுட்டு, கேமராவுதைக் கீழ சொருகியிருப்பேன். பாப்பா, மன்னிச்சிடும்மா. வயசாயிடுச்சு எனக்கு."

"கீழ சொருகினீங்களா?" மகளின் குரலில் உயிரே இல்லை. "அங்க போட்டா..."

"துடைச்சுடும்னு நீதானே எழுதி ஒட்டியிருக்கே." அவர் தலையைத் தொங்கப் போட்டார். "என் தப்புதான். எனக்கு என்ன தண்டனை வேணா கொடுங்க."

மேனேஜர் எழுந்தார். "அப்ப ரெண்டும் போச்சு. கதை முடிஞ்சுது. மேடம், எப்படியும் இதெல்லாம் தேவையில்லை." உறையைத் தூக்கிக் காட்டினார். "மத்தியானமே கிரேன்காரர் எழுதிக் கொடுத்துட்டார். ஆட்டித் தூக்கினது நான்தான், தப்பு என்னுதுன்னு. மகளை விட்டுடுங்கன்னு மட்டும் கேட்டிருக்கார்."

மகள் திரும்பினாள். "அப்பா?"

கிரேன்காரர் தரையைப் பார்த்தார்.

"நீங்கதான் ஆட்டலைன்னு சொன்னீங்க! அப்புறம் எதுக்கு எழுதிக் கொடுத்தீங்க?"

"நீ எனக்காக அழிச்சே. நான் உனக்காக எழுதினேன். விடு."

"நான் அழிக்கவே இல்லைப்பா!"

மூட்டை சுவரைப் பார்த்தான். இந்த மாதிரி இடங்களில் அவனுக்கு வழக்கமாக ஏதாவது ஒரு கிண்டல் வாயில் வந்து நிற்கும். இன்றைக்கு அதுவும் களைத்துப் படுத்துவிட்டிருந்தது.

அக்கா மட்டும் ஸ்டோர்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தொங்கப் போட்டிருந்தார். ஆனால் தோள்கள் தளர்ந்திருந்தன. வெகு நேரம் தூக்கிய ஒன்றைக் கீழே வைத்துவிட்டவர் போல. தொட்டியில் எறிந்த டிஸ்க் பற்றிய பொய் மாட்டிக்கொண்டும், ஒரு மனிதருக்கு இவ்வளவு நிம்மதியா?

"ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் அக்கா. "அம்மாடி, நீ சொல்லு. தாராள விதி உள்ள அறையில ஒரு டிஸ்க் வருது. ஜோடி முழுசா இருக்கு, குறையே இல்லை. பெட்டி என்ன செய்யும்?"

மகள் கண்ணைத் துடைத்தாள். "ஓரமா உட்கார வைக்கும். பேருக்குச் சேர்த்துக்கும், ஒண்ணும் எழுதாது. இருக்கறதுல ஒண்ணு செத்தாத்தான் அதைக் கூப்பிடும்."

"ஜோடியில ஒண்ணு குறையுதுன்னா?"

"உடனே எழுத ஆரம்பிச்சுடும். விளக்கு மினுக்கும்."

"நேத்து நீ போட்டதும் மினுக்கிச்சே."

"மினுக்கிச்சு. அரை மணி நேரம்..." அவள் நிறுத்தினாள். வாய் திறந்தபடியே நின்றது.

"அதாவது, நேத்து வரைக்கும் வரைபட ஜோடிக்கு ஒரு ஆள் குறைஞ்சிருக்கு. பெட்டி பசியோட இருந்திருக்கு." அக்கா மெதுவாக எழுந்தாள். "ஐயா புதன்கிழமையே அதுக்குச் சோறு போட்டேங்கறார். வயிறு நிறைஞ்ச பெட்டி வியாழக்கிழமை எதுக்கு அவ்வளவு அவசரமா இன்னொண்ணை முழுங்குது?"

அக்கா மறுபடி ஸ்டோர்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா புதன்கிழமை வெச்ச சோத்தை அது தொடலை. செவ்வாய்க்கிழமை கரண்ட் இல்லாத நேரத்துல ஒயரை மாத்தினதும் ஐயாதான். அரக்கு வெச்சு வரப் போற டிஸ்க், இந்தப் பொண்ணு கையாலயே அழியணும், பழி அவ மேல போகணும். மூளையான வேலை. ஆனா பெட்டிக்குள்ள இருந்த இன்னொண்ணு மிச்சம். மறுநாள் அதை எடுத்தார். ரெண்டு வருஷமாப் பழகின கை. எது வந்தாலும் முழுங்குற இடம் எதுன்னு கேட்டா, மூளைகிட்டக் கேட்காமலே கை நேரா கீழ் அறைக்குத்தான் போகும். போச்சு. ஒயரை மாத்தினா ரெண்டு பக்கமும்தான் மாறும்கறது கைக்குத் தெரியாதே."

"அப்ப கீழ் அறைக்கு..." என்றார் மேனேஜர்.

"என் கறார் விதி," என்றாள் மகள். "உள்ள ஏதாவது இருந்தா தொடாது."

எல்லோரும் கீழ் வலது அறையைப் பார்த்தார்கள். விளக்கு மினுக்காமல், அணையாமல், ஒரே நிலையில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக ஒருவரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

மகள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் விசைப்பலகையின் முன் உட்கார்ந்தாள், ஆனால் விரல்கள் கீழே இறங்கவில்லை. "இதையும் அழிச்சுட்டேன்னா?"

"நீ எதையும் போட வேணாம், எடுக்க வேணாம்," என்றாள் அக்கா. "அது அங்கேயே இருக்கு. எழுத விடாம, பார்க்க மட்டும் திற."

முதலில் அந்த டிஸ்கின் எண்ணைத் திரையில் வரவழைத்தாள். மூட்டை நோட்டோடு வைத்து, ஒவ்வொன்றாக, உரக்கப் படித்தான். மேல் வலது. கேமரா.

பிறகு திங்கட்கிழமை காலை வந்தது. சத்தமில்லாத படம். ஓரத்தில் ஸ்டோர் ஜன்னல். கொக்கிக்காரர் ஜன்னலில் நிற்கிறார். உள்ளிருந்து ஒரு கை கம்பிக் கயிற்றை நீட்டுகிறது. கயிற்றின் நுனியில் பட்டையாகச் சிவப்பு. கொக்கிக்காரர் அந்தச் சிவப்பைக் காட்டி ஏதோ கேட்கிறார். ஜன்னலிலிருந்து நரைத்த மீசை எட்டிப் பார்த்து, சிரித்து, போ என்று கையசைக்கிறது.

"சிவப்பு அடிச்சா அந்தக் கயிறு தேய்ஞ்சுபோச்சுன்னு அர்த்தம்," என்றார் கிரேன்காரர், முதல் தடவையாகத் தெளிவான குரலில். "வெட்டி எறியணும். கையில கொடுக்கவே கூடாது."

ஸ்டோர்காரர் டம்ளர் தட்டை மேசையில் வைக்கப் போய், இடம் தவறி, பிறகு வைத்தார். "புதுக் கயிறு வரலை," என்றார். "பத்து நாளாக் கேட்டுக்கிட்டிருந்தேன். அவன் கேட்டான், 'அண்ணே, இது சிவப்பாச்சே'ன்னு. இன்னைக்கு ஒரு நாள் ஓட்டுடான்னேன். ஒரு நாள்தானேன்னு..." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "அறுந்த கயித்தையும் நான்தான் மறைச்சேன். அவன் பிழைச்சு எழுந்து வந்து சொல்லிடுவானோன்னும் பயந்தேன். பிழைக்காம போயிடுவானோன்னும் பயந்தேன். நாலு நாளா ரெண்டையும் சேர்த்துத் தூக்கிட்டு நடக்கறேன்."

அவரை யாரும் திட்டவில்லை. திட்ட வேண்டியவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

திரையில் கிரேன் தூக்கியது. கட்டு ஆடவே இல்லை. நேராக, நிதானமாக ஏறியது. சிவப்பு நுனிக்கு அருகில் ஏதோ மயிரிழை போலப் பிரிந்தது. அந்தக் கணமே கிரேன் நின்றது. நின்ற பிறகுதான் கயிறு அறுந்தது. மகள் அதோடு படத்தை நிறுத்திவிட்டாள்.

மேனேஜர் வாசலுக்குப் போய்த் தொலைபேசியில் பேச ஆரம்பித்தார். போகும்போது உறையைக் கிரேன்காரர் கையில் திணித்துவிட்டுப் போனார். பேசிய குரலில் இப்போது அவ்வளவு கம்பீரம் இல்லை. பத்து நாள் கேட்டும் கயிறு வாங்கிக் கொடுக்காதது யார் என்று அடுத்த கேள்வி வரும் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

கிரேன்காரர் உறையைப் பிரிக்காமலே இரண்டாக, நாலாகக் கிழித்தார். கிழித்தபடியே கேட்டார்: "செவ்வாய்க்கிழமையே இதெல்லாம் உன் கையிலதானே இருந்துச்சு? நீ அன்னைக்கே பார்த்திருக்கலாமே."

மகள் திரையைவிட்டுத் திரும்பவில்லை. "பார்க்க பயமா இருந்துச்சுப்பா."

"நான் ஆட்டியிருப்பேன்னு நெனச்சியா?"

"நீங்க அந்த வாரம் பூரா ரெண்டு ஷிப்ட். தூங்கவே இல்லை. அதான்..."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபமாக இல்லை. "நானும் உன்னை நம்பலையே. நீ அழிச்சிருப்பேன்னுதானே எழுதிக் கொடுத்தேன்." காகிதத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அதை விடு. இனிமே அதைப் பேசி என்ன ஆகப் போகுது."

"இன்னொரு தடவை போடட்டுமாப்பா? நீங்க நிறுத்தினதை நீங்க சரியாவே பார்க்கலை. கண்ணை மூடிக்கிட்டீங்க."

"வேணாம்," என்றார் கிரேன்காரர். "நான் நிறுத்தினதைப் பார்க்கணும்னா, கீழ அவன் நிக்கறதையும் பார்க்கணும்."

வெளியே கிடங்கில் யாரோ குழாயை உருட்டும் சத்தம் கேட்டது. மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டாள். கொக்கிக்காரரின் மனைவியிடம் போய்ச் சொல்ல வேண்டுமே என்று அவள் எழுந்தபோது கிரேன்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"நீங்க இருங்கம்மா. அந்தப் பொண்ணுகிட்ட நான் போய்ச் சொல்றேன். நாலு நாளா அது முகத்துல முழிக்காம ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன்."

"நானும் வர்றேன்," என்றாள் மகள்.

அவள் அந்த டிஸ்கில் யாரும் எதையும் எழுத முடியாதபடி ஏதோ செய்தாள். பிறகு விதியை எழுதிய கோப்பைத் திறந்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அதில் இப்போதைக்கு எதையும் மாற்றவில்லை. திரையை அணைத்தாள். கிரேன்காரர் படியில் ஒரு காலும் தளத்தில் ஒரு காலுமாக நின்று, அவள் வரும்வரை காத்திருந்தார்.